"மாதம் எவ்வளவு கட்டணும்?" என்று மட்டும் கேட்பதில் மாட்டிக்கொள்கிறோம்

கேள்வி இதுதான்: "வங்கிகள் இல்லாத பணத்தை உருவாக்கிக் கடன் கொடுக்கின்றன, ஆனால் வட்டி கட்டுவதற்கான பணத்தை யாரும் உருவாக்குவதே இல்லை, அதனால்தான் உலகமே கடனில் கிடக்கிறது என்கிறார்கள். உண்மையா? சம்பளம் வாங்கும் சாதாரண ஆள் கடனிலிருந்து வெளியே வர முடியாமல் போவதற்கு இதுதான் காரணமா?"

முதல் பகுதி உண்மை. இரண்டாவது பகுதியில் கொஞ்சம் உண்மையும் ஒரு கணக்குப் பிழையும் கலந்திருக்கிறது. மூன்றாவதற்கு என் பதில் 'நேரடியாக இல்லை'. பதினோரு வருடம் ஒரு வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மனிதர்களைப் பிடித்து வைப்பது அதைவிட எளிமையான ஒரு விஷயம். அதைச் சொல்வதற்கு முன் பணம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது.

நாம் போடும் டெபாசிட்டை எடுத்துத்தான் வங்கி இன்னொருவருக்குக் கடனாகத் தருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். நடப்பது வேறு. உங்களுக்கு 10 லட்சம் கடன் அனுமதி ஆனதும் வங்கி தன் கணக்கில் இரண்டு பதிவுகள் போடுகிறது. நீங்கள் தர வேண்டியது 10 லட்சம் என்று ஒன்று, உங்கள் கணக்கில் இருப்பு 10 லட்சம் என்று இன்னொன்று. வேறு யாருடைய கணக்கிலிருந்தும் ஒரு காசு குறைவதில்லை. அந்த 10 லட்சம் அந்த நொடியில் பிறந்த புதுப்பணம். இது யாரோ சதிக்கதை சொல்பவர்கள் கிளப்பிவிட்டது இல்லை, இங்கிலாந்தின் மத்திய வங்கியே 2014இல் தன் காலாண்டிதழில் இதை விளக்கமாக எழுதியது. புழக்கத்தில் இருக்கும் பணத்தில் 97 சதவீதம் வங்கி டெபாசிட்தான், அதில் பெரும்பகுதி வங்கிகள் கடன் கொடுக்கும்போது உண்டானது என்று சொன்னது. நோட்டும் நாணயமும் மீதி 3 சதவீதம். அதற்காக வங்கி நினைத்த அளவுக்கு உருவாக்கிவிட முடியாது. சொந்த மூலதனம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற விதி, மத்திய வங்கி வைக்கும் வட்டி விகிதம், திருப்பிக் கட்டக்கூடிய ஆள் கிடைப்பது, இதெல்லாம் கடிவாளம். இதன் மறுபக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை: நீங்கள் அசலைத் திருப்பிக் கட்டும்போது அந்தப் பணம் அழிந்துபோகிறது. இரண்டு பதிவுகளும் சேர்ந்தே குறைகின்றன.

சரி, வட்டிக்கான பணம் எங்கே? 100 உருவாக்கி 110 திருப்பிக் கேட்டால் அந்த 10 எங்கிருந்து வரும் என்ற கேள்வி கேட்பதற்கு அசைக்க முடியாத வாதம் போலத்தான் இருக்கும். அது பணத்தைத் தொட்டியில் தேங்கிய தண்ணீராக நினைத்துக்கொண்டு கேட்பது. பணம் சுற்றுவது. நீங்கள் கட்டிய வட்டி வங்கி ஊழியரின் சம்பளமாகிறது, அவர் உங்களிடமே எதையாவது வாங்குகிறார், அதை வைத்து அடுத்த மாத வட்டியைக் கட்டுகிறீர்கள். ஒரே 10 ஒரு வருடத்தில் பல கைக்குப் போய்ப் பல வட்டிகளைக் கட்டிவிடும். ஆகவே கணக்குப்படி யாராவது தவறியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆனால் அந்த வாதத்துக்குள் ஒரு உண்மை இருக்கிறது. வட்டியாகப் போகும் பணம் செலவாகாமல், ஏற்கெனவே நிறைய வைத்திருப்பவர்களிடம் சேர்ந்து, மறுபடியும் கடனாக மட்டுமே வெளியே வந்தால், கடன்பட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து தலையெடுக்க வேறு யாராவது புதுக்கடன் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புதுக்கடன் நின்றால் என்ன ஆகும் என்பதை 2008இல் உலகம் பார்த்தது. பொருளாதார அறிஞர் இர்விங் ஃபிஷர் 1933இலேயே இதை எழுதிவிட்டார்: எல்லாரும் ஒரே நேரத்தில் அடித்துப்பிடித்துக் கடனை அடைக்கப் பார்த்தால் பணம் சுருங்கும், விலைகளும் வருமானங்களும் விழும், அடைத்த பிறகு மிச்சமிருக்கும் கடன் முன்பைவிடக் கனமாகிவிடும். 1929 பங்குச்சந்தைச் சரிவில் தன் சொந்தச் சொத்தையே இழந்த மனிதர் எழுதியது அது.

இந்த அமைப்பு உங்கள் வீட்டுக்குள் நுழையும் இடம் ஒன்று உண்டு, அது நிலம். வங்கிக்குப் பிடித்தமான ஜாமீன் வீடும் மனையும்தான், ஓடிப்போக முடியாது, ஒளிக்கவும் முடியாது. 17 வளர்ந்த நாடுகளின் வங்கிக் கணக்குகளை 1870 முதல் தோண்டிப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கிகள் கொடுத்த கடனில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அடமான வீட்டுக்கடன், இப்போது அது பாதியைத் தாண்டிவிட்டது. புதிதாகப் பிறக்கும் பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கும் மனையை வாங்கவே போகிறது. மனை புதிதாக முளைப்பதில்லை, அதனால் விலை ஏறுகிறது. விலை ஏறியதால் அடுத்து வாங்குபவர் இன்னும் பெரிய கடன் வாங்க வேண்டும், அந்தப் பெரிய கடன் விலையை இன்னும் ஏற்றும். உங்கள் அப்பா பத்து வருடத்தில் அடைத்த மாதிரி ஒரு வீட்டுக்கு நீங்கள் இருபத்தைந்து வருடம் கட்டுகிறீர்கள் என்றால், நீங்கள் ஊதாரி என்று யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அந்தப் பதினோரு வருடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு கட்டணும்?" மொத்தம் எவ்வளவு கட்டுவேன், எப்போது முடியும், நடுவில் நான் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாங்களும் அந்த முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் தயாராக வைத்திருந்தோம். தவணை அதிகமாக இருக்கிறது என்றால் காலத்தை நீட்டுவோம், தவணை குறையும், கையெழுத்தாகும். இன்றைக்குக் கடன் என்பது ஒரு தொகையாக விற்கப்படுவதில்லை, சம்பளத்திலிருந்து மாதாமாதம் போகும் ஒரு துண்டாக விற்கப்படுகிறது. மாட்டிக்கொள்வது அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 8,997. முதல் மாதம் கட்டும் 8,997இல் வட்டி 7,500, அசலில் குறைவது 1,497 மட்டும். அசலுக்குப் போவது வட்டிக்குப் போவதை முந்துவதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இதே கடனை 30 வருடமாக நீட்டினால் தவணை 8,046, மாதம் 951 மிச்சம் என்று மனசு நிம்மதியாகும். ஆனால் மொத்த வட்டி 11.6 லட்சத்திலிருந்து 19 லட்சத்துக்குப் போகிறது. மாதம் 951 குறைத்துக்கொள்வதற்காக 7 லட்சத்துக்கு மேல் கூடுதலாகத் தருகிறோம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது, யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஆசிரியை வந்தார், எனக்கு இன்றும் முகம் நினைவிருக்கிறது. இதே மாதிரி ஒரு கடன், ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அறுபது வரி எழுதி ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் டிக் போட்டு வைத்திருந்தார். 5 லட்சத்து 40 ஆயிரம் கட்டியிருந்தார். பாக்கி எவ்வளவு என்று கேட்டார். திரையைப் பார்த்துச் சொன்னேன், 8 லட்சத்து 87 ஆயிரம். அவர் நோட்டை மூடவில்லை, அந்த அறுபது டிக்கையும் பார்த்துக்கொண்டே "அப்போ இதெல்லாம் எங்கே போச்சு சார்?" என்று கேட்டார். அவருக்கு அன்று வேண்டியிருந்தது அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு 2 லட்சம். டாப்-அப் கடன் கொடுத்தோம், பழைய பாக்கியையும் சேர்த்து 10 லட்சத்து 87 ஆயிரம், மறுபடியும் 20 வருடம். ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டிய பெண் தொடங்கிய இடத்தைவிடப் பின்னால் போய் நின்றார், வட்டி அதிகமாக இருக்கும் ஆரம்ப வருடங்கள் அவருக்குத் திரும்பவும் முதலிலிருந்து ஓடத் தொடங்கின. அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது நான். விதிப்படி எல்லாம் சரி. அவரிடம் 15 வருடத்துக்கே போடலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

கிரெடிட் கார்டில் இதே விஷயம் இன்னும் கூர்மையாக இருக்கும். 1958இல் அமெரிக்காவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் ஒரு வங்கி, கேட்காமலேயே சுமார் 60,000 பேருக்குத் தபாலில் கார்டு அனுப்பியது. பாக்கியை முழுதாகக் கட்ட வேண்டாம், கொஞ்சம் கட்டிவிட்டு மீதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம் என்ற வசதி சாதாரண வீடுகளுக்குள் அப்படித்தான் பரவியது. இன்றைய பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு எண் இருக்கிறதே, அந்த எண்ணைப் பற்றித்தான் பேச வேண்டும். 1 லட்சம் பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி, குறைந்தபட்சத் தொகை வட்டி சேர்ந்த பாக்கியில் 5 சதவீதம், அதாவது முதல் மாதம் 5,150 என்று வைத்துக்கொள்வோம். புதிதாக எதுவும் வாங்காமல் குறைந்தபட்சத்தை மட்டும் ஒரு வருடம் கட்டினால் கையிலிருந்து போவது சுமார் 55,000. பாக்கி குறைவது சுமார் 23,000. மீதி 32,000 வட்டி. அப்புறம் பாக்கி குறையக் குறைய குறைந்தபட்சத் தொகையும் குறைகிறது, அதனால் முடிவு நெருங்கவே மாட்டேன் என்கிறது. பாக்கி ஆயிரத்துக்கு வருவதற்குப் பதினேழு வருடத்துக்கு மேல் ஆகும்.

முதல் மாதம் கட்டிய அந்த 5,150ஐயே குறைக்காமல் மாதாமாதம் கட்டினால்? இரண்டரை வருடத்தில் முடிந்துவிடும். முதல் மாதம் கட்டியதைவிட ஒரு காசுகூட அதிகம் தேவையில்லை, பில் சொல்லும் குறைந்த தொகையை நம்பாமல் இருந்தாலே போதும். அந்த எண் பில்லில் அச்சாகி இருப்பதே ஆட்களைக் குறைவாகக் கட்ட வைக்கிறது என்று நீல் ஸ்டூவர்ட் என்ற உளவியல் ஆய்வாளர் 2009இல் காட்டினார். குறைந்தபட்சத் தொகை போடாத பில்லைப் பார்த்தவர்கள் அதிகம் கட்ட முன்வந்தார்கள். அதே வருடம் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் எத்தனை வருடம் ஆகும் என்பதையும் பில்லிலேயே அச்சிட வேண்டும். எல்லா நாட்டிலும் இது வர வேண்டும் என்பது என் எண்ணம்.

வட்டி விகிதத்தைச் சொல்லும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. 'வெறும் 10 சதவீதம்' என்று சொல்லி, அது 'ஃபிளாட்' என்று சிறிய எழுத்தில் இருந்தால் கவனமாக இருங்கள். 1 லட்சம், 3 வருடம், ஃபிளாட் 10 என்றால் வட்டி 30,000, தவணை 3,611. நீங்கள் அசலை மாதாமாதம் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 1 லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் பாக்கிக்குக் கணக்கிட்டால் அது சுமார் 18 சதவீதக் கடன். அருகருகே 10 என்றும் 15 என்றும் இரண்டு விளம்பரம் இருந்தால், 15 மலிவாக இருக்கக்கூடும்.

சம்பளம் வருவதற்கு முன் இரண்டு வாரத்துக்கு வாங்கும் சின்னக் கடன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கு 15 கட்டணம் என்பது கேட்பதற்குச் சின்னது, வருடத்துக்கு அது 390 சதவீதம். அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் பார்த்தபோது இப்படிப்பட்ட கடன்களில் 80 சதவீதத்துக்கு மேல் இரண்டு வாரத்துக்குள் புதுப்பிக்கப்பட்டன, அல்லது அவற்றைத் தொடர்ந்து இன்னொரு கடன் வாங்கப்பட்டது. அவசரத்துக்கு ஒருமுறை என்று விற்கப்படும் பொருளின் வருமானமே இரண்டாம் முறை, மூன்றாம் முறையில்தான் இருக்கிறது. 'இப்போது வாங்கு, பிறகு கொடு' செயலிகள் இதைவிட நாகரிகமாகத் தெரியும், வட்டிகூட இருக்காது, ஆனால் நான்கு செயலியில் நான்கு தேதியில் நான்கு துண்டு போகும்போது மொத்தம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு 'ஆட்களுக்குக் கணக்குத் தெரியவில்லை' என்று முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2013இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். அதே மனிதர், கையில் பணம் இல்லாமல் அடகும் கடனுமாக இருந்த மாதங்களில் சிந்தனைச் சோதனையில் தெளிவாகக் குறைவாகச் செய்தார், அறுவடைப் பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார். கடன் நெருக்கும்போது மனது அடுத்த வாரத்தோடு நின்றுவிடுகிறது, பதினேழு வருடத்தை எங்கே போய்ப் பார்ப்பது? அந்த நேரத்தில்தான் எதிரே இருப்பவர் 'மாதம் இவ்வளவுதான்' என்கிறார்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. கடன் என்பது வங்கியைவிடப் பழையது, சுமார் 3,750 வருடத்துக்கு முந்தைய ஹம்முராபியின் சட்டத்திலும் வட்டி இருக்கிறது. ஆனால் அதன் 48ஆவது விதி இப்படிச் சொல்கிறது: கடன்பட்டவனின் வயலைப் புயல் அழித்தாலோ, தண்ணீர் இல்லாமல் தானியம் விளையாமல் போனாலோ, அந்த வருடம் அவன் தானியம் கொடுக்க வேண்டாம், கடன் எழுதிய களிமண் பலகையை நனைத்து மாற்றிக்கொள்ளலாம், அந்த வருடத்துக்கு வட்டியும் கிடையாது. மழை பெய்யாதது கடன்பட்டவனின் குற்றமில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு வேலை போன மாதத்திலும் தேதி மாறாது, வட்டி நிற்காது, அபராதம் சேரும், கிரெடிட் ஸ்கோர் விழும், ஸ்கோர் விழுந்ததால் அடுத்த கடன் இன்னும் அதிக வட்டிக்குக் கிடைக்கும். வருமானம் ஏறி இறங்கும், தவணை மட்டும் அசையாது. ரொம்பப் பேர் முதன்முதலாக விழுவது ஆடம்பரத்தால் இல்லை, இப்படி ஒரு மாதத்தால்தான்.

எல்லாக் கடனும் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. சம்பளம் உயர்ந்துகொண்டே போனால், பணவீக்கத்தில் நிலையான வட்டிக் கடன் தானாகவே இலேசாகும். சம்பாதித்துக் கொடுக்கும் கருவிக்கோ படிப்புக்கோ வாங்கும் கடன் தன்னைத் தானே அடைத்துக்கொள்ளலாம். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மாதத் தவணையைக் கேட்பதற்கு முன் மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்பதை எழுத்தில் வாங்குங்கள். குறையும் பாக்கிக்கான வருடாந்திர வட்டியைக் கேளுங்கள், முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்று கேளுங்கள். பல கடன் இருந்தால் குறைந்தபட்சத்தை எல்லாவற்றுக்கும் கட்டிவிட்டு மிச்சம் இருப்பதையெல்லாம் அதிக வட்டிக் கடன் ஒன்றின் மேலேயே போடுங்கள். மேலே சொன்ன வீட்டுக்கடனில் மாதம் 750 கூடுதலாகக் கட்டினால் 20 வருடக் கடன் சுமார் மூன்றரை வருடம் முன்னாலேயே முடிகிறது. கூடுதலாகக் கட்டுவதை அசலில் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், அடுத்த மாதத் தவணையாக வரவு வைத்துவிடப் போகிறார்கள்.

உங்கள் கடன் மாறும் வட்டியில் இருந்தால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வட்டி ஏறும்போது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடுகின்றன, கணக்கிலிருந்து போகும் தொகை மாறாததால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதே 10 லட்சம் கடன், ஆரம்பத்திலேயே 9 சதவீதம் 10 ஆனால், 8,997 தவணையை அப்படியே வைத்தால், 240 மாதம் 314 மாதமாகிவிடும். 11 ஆனால் முதல் மாத வட்டியே 9,167, தவணையைவிட அதிகம், கட்டக் கட்டக் கடன் வளரும். ஸ்டேட்மெண்டை எடுத்து 'மீதமுள்ள தவணைகள்' என்ற வரியைப் பாருங்கள். மொத்தத் தவணையிலிருந்து நீங்கள் கட்டிய மாதங்களைக் கழித்தால் வரவேண்டிய எண் அங்கே இருக்கிறதா? அதைவிட அதிகமாக இருந்தால், வட்டி எப்போதெல்லாம் மாறியது என்ற விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே, தவணையை எவ்வளவு உயர்த்தினால் பழைய தேதியிலேயே முடியும் என்றும் கேளுங்கள். கணினியில் ஒரு நிமிட வேலை அது, நீங்கள் கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள்.